காத்தாடி கத்தாத கணினி

ஆயர் தாவாரில் கணினிக் கடை வைத்திருக்கும் என்னிடம் "சத்தம் போடாத மிசினா ஒண்ணு பாத்துக் குடுங்க தம்பி" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கணினியில் உட்காரப் போகிறவர்கள் இல்லை. அதன் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டியவர்கள். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. மலிவு விலை வீட்டில் அறைகள் சிறியவை. அதனால் கணினிக்குக் கூடம்தான் இடம். அதே கூடத்தில் பாட்டி படுத்திருப்பார். இரவு வேலை முடிந்து வந்த அப்பா பகலில் அங்கேயே பாய் விரிப்பார். மகள் எஸ்பிஎம் தேர்வுக்கு நள்ளிரவு வரை அதே கணினியில் படிப்பாள்.

"மேலே காத்தாடி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அதைவிடவா இது சத்தம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். கூரைக் காத்தாடி மெதுவாக, ஒரே சீராக ஓடுகிறது. காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். கணினிக்குள் இருக்கும் எட்டு சென்டிமீட்டர் காத்தாடி சூடு ஏற ஏற வேகம் எடுக்கும், இறங்கினால் அடங்கும், மறுபடி எடுக்கும். தூங்குபவரை எழுப்புவது இந்த ஏற்ற இறக்கம்தான். காத்தாடியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் ஒலி ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். காதுக்கு அது மூன்றில் ஒரு பங்கு சத்தம் மாதிரிதான் கேட்கும். ஆக, சத்தமில்லாத கணினி செய்வதென்றால் காத்தாடி வேகமாகச் சுழலத் தேவையே வராதபடி செய்வதுதான். அந்த வேலை புரோசசரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பென்டியம் 4 காலத்தில். ஈப்போவில் யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸுக்குப் போய்ப் பாகங்களை வாங்கி வந்து கடையில் பூட்டுவேன். அப்போது எல்லாருக்கும் கிகாஹெர்ட்ஸ் மயக்கம். 2004-இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4, 3 கிகாஹெர்ட்ஸில் 89 வாட் என்று குறிக்கப்பட்டது. அதன் மேல்வகைகள் 115 வாட் வரை போயின. அதற்கு முந்தைய வகைகளைவிடச் சூடு கூடியதே தவிர, வீட்டு வேலைக்கு வேகம் கூடியதாக யாருக்கும் தெரியவில்லை. தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் அந்தக் கணினியைத் திறந்தால் அது எழுப்பும் இரைச்சல் வாசல் வரை கேட்கும்.

குளிர்ச்சியான புரோசசர் என்ற எண்ணத்தை எனக்குள் விதைத்தது தைவானின் வியா நிறுவனம். மினி ஐடிஎக்ஸ் என்ற 17 சென்டிமீட்டர் சதுர போர்டை 2001-இல் அறிவித்தவர்கள் அவர்கள்தான். 2002-இல் வந்த எபியா போர்டில் 533 மெகாஹெர்ட்ஸ் வகைக்குக் காத்தாடியே கிடையாது, ஒரு அலுமினியத் தகடு மட்டும்தான். கடிதம் அடிக்கலாம், கோயில் கணக்கு எழுதலாம், முரசு அஞ்சல் போட்டுத் தமிழில் தட்டலாம். அதற்கு மேல் கேட்டால் திணறும். சத்தமில்லாமல் இருப்பது மட்டும் போதாது, வேலையும் ஆக வேண்டும் என்பதை அந்தப் போர்டு காட்டியது.

அடுத்து 2008-இல் இன்டெலின் ஆட்டம் வந்தது. டெஸ்க்டாப் வகையான ஆட்டம் 230-இன் கணக்கு 4 வாட். கேட்டதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதோடு சேர்த்துப் பூட்டப்பட்ட 945ஜிசி சிப்செட் மட்டும் 22 வாட் தின்றது. இன்டெலே செய்து விற்ற சின்னப் போர்டில் புரோசசரின் மேல் வெறும் தகடு இருக்கும், பக்கத்தில் இருக்கும் சிப்செட்டின் தலையில் விரலளவு காத்தாடி சுற்றும். எசமானைவிட வேலையாள் அதிகம் சாப்பிடுகிறான் என்று கடையில் கேலி பேசுவோம். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு ஒரு சில்லின் கணக்குதான், மொத்தக் கணினியின் கணக்கு இல்லை. சுவரில் இருக்கும் பிளக்கில் வாட் மீட்டரைச் செருகி அளக்கும் பழக்கம் எனக்கு அந்தக் காலத்தில் வந்தது.

புரோசசரைப் பற்றிய பேச்சில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பினாங்கு தூரத்து ஊர் இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஏஎம்டியும் பினாங்குக்கு வந்தது. பிறகு பேராக் தோட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் அந்த மின்னணு ஆலைகளுக்குக் கிளம்பினார்கள். ஹாஸ்டலில் தங்கி, ஆலை பஸ்ஸில் ஏறி, மூன்று ஷிப்டு மாறி மாறி உழைத்து, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவிய ஒருவரின் மகள், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், சோதனைப் பிரிவில் இருந்தார். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. "எல்லாச் சில்லும் ஒரே மாதிரிதான் வரும் தம்பி. சூடு வச்சுப் பாப்போம். எது எவ்வளவு தாங்குதோ, அதைப் பாத்துப் பிரிச்சுப் பேர் வைப்பாங்க."

தரம் பிரிப்பதன் சாரம் அதுதான். ஒரே அச்சில் வந்த சில்லுகளில் சில குறைந்த மின்னழுத்தத்தில் நிலையாக ஓடும், சிலவற்றுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். சில்லு தின்னும் மின்சாரம், ஓடும் வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் பெருகுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசிப் பத்து இருபது சதவீத வேகத்துக்குத்தான் சூடு தாறுமாறாய் ஏறுகிறது. அந்தக் கடைசி வேகத்தை விட்டுக்கொடுத்தால் வீட்டுக்காரர் ஒன்றையும் இழப்பதில்லை, காத்தாடி மட்டும் அடங்கும்.

இன்டெல் பெயர்களின் கடைசியில் வரும் 'டி' எழுத்தின் கதையும் இதுதான். 2018-இல் வந்த ஐ5-8500, 65 வாட். ஐ5-8500டி, 35 வாட். இரண்டிலும் ஆறு கோர்கள்தான். அடிப்படை வேகம் முதலாவதில் 3 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதில் 2.1. சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டும் தின்னும் கரண்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. முழு மூச்சில் ஓடும்போதுதான் 'டி' வகைக்குக் கடிவாளம். 65 வாட் சில்லு கையில் இருந்து, போர்டின் பயாஸில் மின் வரம்பைக் குறைக்க வழியிருந்தால் அதே கடிவாளத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். 'டி' எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் இதை யோசிக்கச் சொல்வேன்.

வெளிநாட்டில் எழுதப்படும் மதிப்புரைகளை நம் ஊர்க்காரர்கள் அப்படியே நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே சோதிக்கும் அறை 20, 22 டிகிரி. நம் கூடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு 34 டிகிரி சாதாரணம். ஒரு சின்னக் காத்தாடியில்லாக் கேசிங் ஒவ்வொரு வாட்டுக்கும் 3 டிகிரி வீதம் சில்லைச் சூடாக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 வாட் சில்லு அறையைவிட 18 டிகிரி கூடுதலாக, 52-இல் நிற்கும். 10 வாட் என்றால் 64. 15 வாட் என்றால் 79. 35 வாட் என்றால் கணக்குப்படி 139. ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வாங்கும்போது வேகமா இருந்துச்சு, இப்போ மத்தியானம் ஆனா மெதுவாயிடுது" என்று புகார் வந்தால், வைரஸைத் தேடுவதற்கு முன் அந்தக் கணினியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பாதி நேரம் அது டிவி அலமாரிக்குள், தூசி படாமல் இருக்கப் பூப்போட்ட துணிக்குள் இருக்கும்.

ஆகவே குறைந்த வாட் சில்லாகப் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது என்பதை எனக்குக் காட்டியவர் ஓய்வு பெற்ற ஒரு தோட்டக் கிராணி. அவர் வீட்டில் 10 வாட் சில்லு போட்ட சின்னப் பெட்டி இருந்தது. கணக்கு எழுதும்போது சத்தமே இல்லை. மாலையில் அவர் மனைவி பழைய படப் பாடல் கேட்க யூடியூபைத் திறந்தால் காத்தாடி கத்த ஆரம்பித்துவிடும். "பாட்டு கேக்கத்தானே தம்பி வாங்கினோம், பாட்டைவிட இதுதானே பாடுது?" என்றார் அந்த அம்மா.

காரணம் சில்லுக்குள் இருந்தது. காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முன்பு எச்.264, பிறகு விபி9, இப்போது ஏவி1. ஒரு முறையை விரிப்பதற்கென்றே சில்லில் தனிச் சுற்று இருந்தால் ஓரிரு வாட்டில் படம் ஓடிவிடும். அந்தச் சுற்று இல்லாவிட்டால் கோர்கள் அத்தனையும் சேர்ந்து அந்த வேலையை இழுக்க வேண்டும். அந்த வீட்டுச் சில்லு விபி9 பரவுவதற்கு முன் பிறந்தது. உலாவியில் ஒரு சின்ன நீட்சியைப் போட்டு, யூடியூபிடம் எச்.264 மட்டும் கேட்கும்படி செய்தேன். அன்று மாலையே காத்தாடி அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு புரோசசர் பார்க்கும்போது கோர் எண்ணிக்கைக்கு முன் இதைத்தான் பார்க்கிறேன். இன்டெலில் 6-ஆம் தலைமுறை விபி9-ஐ அரைகுறையாகத்தான் விரிக்கும். 7-ஆம் தலைமுறை முழுதாக விரிக்கும். ஏவி1-க்கான சுற்று 11-ஆம் தலைமுறையில் வந்தது. வீட்டுக் கணினியின் ஆயுளில் பெரும்பகுதி படம் பார்ப்பதிலும் பாட்டு கேட்பதிலும் போகிறது. அந்த ஒரு வேலையை அது எவ்வளவு சுலபமாகச் செய்கிறது என்பதுதான் வீட்டில் கேட்கும் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

மிச்ச நேரம் அது சும்மா இருக்கிறது. வெள்ளாப்பிலேயே மரம் சீவிப் பாலெடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் தொழிலாளியைப் போல, நல்ல சில்லு ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் சட்டென்று வேகமெடுத்து முடித்துவிட்டு உடனே உறங்கிவிடும். பலவீனமான சில்லு அதே வேலையை நீண்ட நேரம் இழுத்துக்கொண்டு சூடாகவே கிடக்கும். இதனால்தான் 35 வாட் என்று எழுதிய சில்லு சில வீடுகளில் 10 வாட் சில்லைவிட அமைதியாக இருக்கிறது. எழுதியிருப்பது உச்சவரம்பு. வீட்டில் கேட்பது சராசரி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தப் பாடமெல்லாம் ஒரேயடியாகத் தேவைப்பட்டது. பள்ளிப் பாடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே கூடத்தில் இரண்டு பிள்ளைகள், இரண்டு வகுப்புகள். ஆசிரியர் பேசுவது கேட்க வேண்டும், பிள்ளையின் மைக்கில் காத்தாடி இரைச்சல் போகக் கூடாது. புதிதாக வாங்க எல்லாரிடமும் பணமில்லை. அப்போது கைகொடுத்தவை நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி. உள்ளே 35 வாட் 'டி' சில்லு, வெளியே மடிக்கணினிக்கு வருவது போன்ற அடாப்டர். திறந்து தூசி தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூசி, எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தால் சும்மா இருக்கும்போது சுவர் மீட்டரில் 10 வாட்டுக்குச் சற்று முன்பின் காட்டும்.

காத்தாடிக்கும் ஒரு பாடம் சொல்லித்தர வேண்டும். சில்லு 60 டிகிரியைத் தொடும் வரை ஒரே மெதுவான வேகத்தில் ஓடு, அதற்கு மேல் படிப்படியாக ஏறு என்று பயாஸில் அமைத்துவிடுவேன். சில பெட்டிகளில் இதற்கு வழி இருக்காது. வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது. நான்கு கோர், 6 வாட், ஏவி1 விரிக்கும் சுற்று. 2015-இல் 65 வாட்டில் வந்த ஐ5-6500 செய்த அன்றாட வேலையை ஏறக்குறைய அதே வேகத்தில் இது செய்கிறது. நினைவகத்துக்கு ஒரே பாதைதான், இன்டெல் கணக்கில் 16 ஜிபி வரைதான். பாட்டிக்கும் பேரனுக்கும் அது தாராளம். ஆனால் 6 வாட் என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பெட்டி செய்கிறவர்கள் வேகம் காட்டுவதற்காகப் பயாஸில் வரம்பை 15, 20 வாட் என்று உயர்த்திவிடுவது உண்டு. அதே பெயர், அதே சில்லு, வேறு சத்தம். எனக்குக் கிடைத்த சில பெட்டிகளில் வரம்பை 10 வாட்டுக்கு இறக்கினேன். வாங்கியவர்கள் யாரும் வேகம் குறைந்ததாகச் சொல்லவில்லை.

கரண்டு பில் குறையும் என்று சொல்லி நான் விற்பதில்லை. கணக்கு போட்டால் தெரியும். 80 வாட் பழைய கணினியை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் மாதம் 14.4 யூனிட். 10 வாட் பெட்டிக்கு 1.8 யூனிட். முதல் 200 யூனிட்டுக்குப் பல ஆண்டுகள் இருந்த 21.8 சென் விலையில் மிச்சம் மூன்று வெள்ளிக்கும் கீழே. இரவும் பகலும் ஓடும் கேமரா கணினிக்குத்தான் மாதம் 11 வெள்ளி என்று கண்ணில் படும். சின்னச் சில்லின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் இடி அதிகம். இடி விழுந்தால் முதலில் அடி வாங்குவது மோடமும் மின்வழங்கியும். வெளியில் தொங்கும் அடாப்டர் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். காற்றோட்டத் துளைகள் குறைவாக இருப்பதால் எறும்பு கூடு கட்டுவதும் பல்லி உள்ளே போய்ச் சாவதும் குறைகின்றன.

அண்மையில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். 6, 7-ஆம் தலைமுறைச் சின்னப் பெட்டிகள் மலிவாகக் குவிகின்றன. சில்லில் குறையில்லை. உலாவியும் பாட்டும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். அரசாங்கப் படிவம், பள்ளி மென்பொருள் என்று விண்டோஸ் கட்டாயமானவர்களிடம் 8-க்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன். அவர்களுக்கு ஐ5-8500டி போட்ட பழைய பெட்டி அல்லது புது என்100. இரண்டில் எது என்பதற்கு என் கேள்வி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை வேலை? பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே பின்னால் பத்துப் பக்கங்களும் ஒரு எக்செல் தாளும் திறந்திருக்குமானால் ஆறு கோர். இல்லையென்றால் என்100.

எல்லாருக்கும் சின்னதே நல்லது என்று நான் நினைக்கவில்லை. சித்தியவானிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுப்பவர். படுக்கையறையில்தான் வேலை, கைக்குழந்தை இருக்கிறது. அதனால் உள்ளங்கை அளவுப் பெட்டி வேண்டும் என்று முடிவோடு வந்திருந்தார். மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும் வேலைக்கு உள்ளங்கைப் பெட்டி போட்டால், உள்ளே இருக்கும் சின்னக் காத்தாடிக்கு உச்ச வேகத்தில் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. 65 வாட் சில்லு, அதன் மேல் பெரிய தகடு, 12 சென்டிமீட்டர் காத்தாடி, அத்தனையும் அடங்கும் பெரிய கேசிங் என்று சொன்னேன். "சத்தமில்லாததுதானே கேட்டேன், அண்ணே பீரோ காட்டுறீங்களே?" என்றார். கடையிலேயே ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டு, கேசிங்மேல் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். பெரிய காத்தாடி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

பெட்டியின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் அடங்கும் சில்லைத் தேடுகிறவர்கள்தான் என்னிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் திரும்பி வருகிறார்கள். வேலைக்கு ஏற்ற சில்லையும், அது இருக்கப் போகும் கூடத்தின் சூட்டையும் முதலில் சொல்லிவிட்டால் பெட்டியின் அளவு தானாகத் தெரிந்துவிடும். ஐ5-ஆ, ஐ7-ஆ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது வருவதே இல்லை.